வீட்ல கரண்ட் மிச்சம் பிடிச்சா நெஜமாவே கார்பன் குறையுமா? பில்லுல தெரியாத கணக்கு

கேள்வி இதுதான்: "வீட்ல எல்லா பல்பையும் எல்இடிக்கு மாத்திட்டேன், தேவையில்லாம ஃபேன் ஓடவிடறதில்ல. ரெண்டு மாசத்துக்கு 80 யூனிட் வந்தது 65 ஆச்சு. ஆனா 100 யூனிட் ஃப்ரீங்கறதால ஒரு பைசா குறையல. இதனால கார்பன் டை ஆக்சைடாவது குறையுதா, இல்ல சும்மா மனசு ஆறுதலா? அதான் காத்தாலை, சோலார்லாம் வந்துருச்சே?"

குறையுது. நீங்க மிச்சம் பிடிச்ச 15 யூனிட்டுக்கு பத்து பதினோரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகல. பில்லுல காணோம்ங்கறதுக்காக அது நடக்கலன்னு ஆயிடாது. இங்க நெறைய பேரு கோட்டை விடறது இந்த இடத்துலதான், பில்லு ஒரு கணக்கு, கார்பன் வேற ஒரு கணக்கு, ரெண்டும் சில சமயம் சேர்ந்து போகும், சில சமயம் ஒண்ணு கிழக்க போனா இன்னொண்ணு மேக்க போகும்.

நான் எனர்ஜி ஆடிட் பண்ற வேலைல, அதாவது கரண்ட் எங்க வீணாகுதுன்னு தேடிக் கண்டுபிடிக்கற வேலைல இருக்கேன், பெரும்பாலும் கோயமுத்தூர் திருப்பூர் பக்கம் மில்லுங்க. ஆடிட்டர்னு சொன்னா ஜிஎஸ்டி ஃபைல் பண்ணித் தருவீங்களான்னு கேக்கறவங்கதான் ஜாஸ்தி. அதனால இந்த மாதிரி கேள்வி வந்தா கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல அந்த பத்து கிலோ எங்கருந்து வந்ததுன்னு சொல்லிடறேன். மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் ஒரு கணக்கு போடுது, இந்தியா கிரிட்ல ஒரு யூனிட் உற்பத்தி ஆக சராசரியா எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு போகுதுன்னு. சமீப வருஷங்கள்ல அது 0.71, 0.72 கிலோ அந்த பக்கமாவே நிக்குது. சோலார், காத்து, நீர், அணு எல்லாத்தையும் சேர்த்து எடுத்த சராசரி இது. நிலக்கரி யூனிட்ட மட்டும் தனியா எடுத்தா ஏறக்குறைய ஒரு கிலோ. "ஏங்க, ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரிதானே எரிக்கறாங்க, அதுல எப்படி ஒரு கிலோ புகை வரும்"னு ஒரு மில்லு ஓனரு எங்கிட்ட கேட்டாரு. நல்ல கேள்வி. நம்ம ஊர் நிலக்கரில சாம்பலே மூணுல ஒரு பங்குக்கு மேல இருக்கும், கார்பன்னு பாத்தா 40 சதவீதம் அந்த மாதிரி, அப்ப 700 கிராம்ல 280 கிராம் கார்பன், ஆனா அது எரியறப்ப காத்துல இருக்கற ஆக்சிஜனையும் சேத்துக்கும், 12 பங்கு கார்பன் 32 பங்கு ஆக்சிஜன சேத்துக்கிட்டு 44 ஆயிடும். 280 கிராம் ஒரு கிலோவா ஆறது அப்படித்தான்.

இன்னொண்ணு, அந்த 0.72 வந்து பவர் ஸ்டேஷன் வாசல்ல எடுத்த கணக்கு. அங்கருந்து டவரு, சப்ஸ்டேஷன், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், உங்க வீடுன்னு வர்றதுக்குள்ள நாட்டு சராசரில 15 சதவீதத்துக்கு மேல லைன்லயே போயிடுது. அதனால உங்க பிளக் பாயிண்ட்ல ஒரு யூனிட் மிச்சம்னா அங்க 1.2 யூனிட் கிட்ட மிச்சம். நான் கீழ போடற கணக்குல இதையெல்லாம் சேக்கல, வெறும் 0.72 வச்சே போடறேன். அதனால உண்மை இதவிட கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கும்.

இப்ப காத்தாலை சோலார் விஷயம். ஆரல்வாய்மொழி முப்பந்தல் பக்கம் ஆடி மாசம் போய் நின்னு பாருங்க, வேட்டி நிக்காது, அந்த நேரத்துல காத்தாலைங்க கரண்ட கொட்டோ கொட்டுனு கொட்டும். கமுதில 648 மெகாவாட் சோலார் 2016லயே வந்துருச்சு. எல்லாம் சரிதான். ஆனா நம்ம தேவை எப்ப உச்சத்துக்கு போகுது? சித்திரை வெயில்ல. 2024 மே 2ந்தேதி தமிழ்நாட்டோட தேவை 20,830 மெகாவாட் தொட்டுச்சு. சித்திரைல காத்து சீசன் இன்னும் ஆரம்பிச்சிருக்காது, ராத்திரி ஆனா சூரியனும் கிடையாது, ஆனா எல்லா வீட்லயும் ஏசியும் ஃபேனும் ஓடிட்டு இருக்கும். அந்த நேரத்து யூனிட்டு மேட்டூர்லயோ வடசென்னைலயோ தூத்துக்குடிலயோ நெய்வேலிலயோ எரிச்சு வர்றது, இல்ல வெளி மாநிலத்துல எரிச்சத காசு குடுத்து வாங்கறது. சித்திரை ராத்திரி பத்து மணிக்கு நீங்க ஒரு யூனிட் குறைச்சா அது கிட்டத்தட்ட முழுசா நிலக்கரி யூனிட்டு. ஆடி மாசம் மத்தியானம் குறைச்சா அவ்வளவு இருக்காது, சில நாள் காத்தாலையவே நிறுத்தி வைக்கற நேரமா கூட அது இருக்கும். அதனால எவ்வளவு குறைச்சீங்கங்கறதோட எந்த மணிக்கு குறைச்சீங்கன்னும் பாக்கணும். வாஷிங் மிஷினு, மேல் டேங்க்கு மோட்டர், அயர்ன் பாக்ஸ் இதெல்லாம் மத்தியானம் 11லருந்து 3க்குள்ள ஓட்டினீங்கன்னா யூனிட் ஒண்ணும் குறையாது, பில்லும் இப்போதைக்கு மாறாது, ஆனா கார்பன் குறையும். மத்திய அரசு 2023ல கொண்டுவந்த விதிப்படி ஸ்மார்ட் மீட்டர் வந்தா நேரத்துக்கு ஒரு ரேட்டு, சூரியன் இருக்கற நேரத்துக்கு குறைச்சல் ரேட்டு. அது நம்ம தெருவுக்கு வர்றப்ப வரட்டும், அது வரைக்கும் காசு வாங்காம செய்யற வேலைதான்.

சரி, எத மாத்தினா குறையும்? இதுல நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், வாட்ட பாக்காதீங்க, ஓடற மணிய பாருங்க. எங்க பெரியம்மா வீடு ஈரோட்ல. போன வருஷம் வெயில்ல போயிருந்தேன். "கண்ணு, பில்லு 500 யூனிட் தாண்டிருச்சுடா, இந்த மிக்சிதான் பேய் மாதிரி கத்துது, அதான் கரண்ட உறிஞ்சுதுன்னு நெனைக்கறேன், வேற வாங்கலாமா"ன்னாங்க. மிக்சி 750 வாட்டு, ஆனா ஒரு நாளைக்கு ஓடறது சட்னிக்கு ரெண்டு நிமிஷம், மசாலாவுக்கு மூணு நிமிஷம். அஞ்சு நிமிஷம்னா 0.06 யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு நாலு யூனிட் கூட வராது. கத்தறதுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்ல, சத்தம் போடாம மூலைல நிக்கறதுதான் ஆபத்து.

வீட்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மீட்டர்கிட்ட போனோம். இத நீங்களும் பண்ணலாம், காசு செலவில்லாத ஆடிட்டு இது. எலக்ட்ரானிக் மீட்டர்ல ஒரு சின்ன செவப்பு லைட்டு மினுக்கிக்கிட்டே இருக்கும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தன மினுக்குன்னு அச்சடிச்சிருப்பாங்க, நம்ம பக்கம் 3200ன்னு போட்ட மீட்டரு நெறைய. ரெண்டு மினுக்குக்கு நடுவுல எத்தன செகண்டுன்னு ஃபோன்ல பாருங்க, 1125ஐ அந்த செகண்டால வகுத்தா அந்த நேரத்துல வீடு இழுக்கற வாட்டு வந்துரும். 25 செகண்டுக்கு ஒரு மினுக்குன்னா 45 வாட்டு. 3200க்கு பதில் வேற நம்பர் இருந்தா 36 லட்சத்த அந்த நம்பரால வகுத்து வர்றத 1125க்கு பதிலா வச்சுக்கங்க.

அங்க ஃபேனு, லைட்டு, டிவி எல்லாம் ஆஃப். ஃப்ரிட்ஜ் பிளக்க மட்டும் வுட்டு வச்சோம். ஏழரை செகண்டுக்கு ஒரு தடவ மினுக்குச்சு. 150 வாட்டு. ஃப்ரிட்ஜு ஓடறப்ப அது சகஜம்தான், கம்ப்ரசர் நின்னுட்டா அடங்கிரும், சரி நிக்கட்டும்னு காத்திருந்தோம். காபி குடிச்சாச்சு, பெரியப்பாவோட முட்டி வலிய பத்தி பேசியாச்சு, முக்கா மணி நேரம் ஆச்சு, நிக்கவே இல்ல. கதவோரத்துல இருக்கற ரப்பர் கேஸ்கெட்டு ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு, பெரியம்மா அதுல செல்லோடேப்பு ஒட்டி வச்சிருந்தாங்க. ஒரு ரூபா நோட்டு மாதிரி ஒரு பேப்பர கதவுல வச்சு மூடி இழுத்தா சுலபமா உருவி வருது. நல்ல கேஸ்கெட்டுன்னா பிடிச்சுக்கும். உள்ள இருக்கற குளிர்ச்சி பூராம் வெளிய, வெளிய இருக்கற ஈரோடு வெயிலு உள்ள, நடுவுல கம்ப்ரசரு ராப்பகலா மல்லுக்கட்டிட்டு இருக்கு.

கணக்கு போடுங்க. 150 வாட்டு, 24 மணி நேரம், 3.6 யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு 216. கேஸ்கெட்ட மாத்தி, செவுத்த ஒட்டி இருந்தத அரை அடி முன்னாடி இழுத்து வச்சதுக்கப்பறம் பாதி நேரம் நிக்க ஆரம்பிச்சுது. நூறு யூனிட்டுக்கு மேல மிச்சம். பில்லு 540 யூனிட்லருந்து 430க்கு வந்துச்சு, ஆனா காசு ஆயிரம் ரூபா கிட்ட குறைஞ்சுது, ஏன்னா நம்ம ஊர்ல 500 தாண்டினா மேல தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு ஏறாது, கீழ இருக்கற யூனிட்டுக்கும் சலுகை போயிரும். பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. கார்பன் கணக்குல அது ரெண்டு மாசத்துக்கு 80 கிலோ.

இப்ப உங்க கேஸையும் பெரியம்மா கேஸையும் பக்கத்துல வச்சு பாருங்க. நீங்க குறைச்ச யூனிட்டுக்கு பூஜ்யம் ரூபா, அவங்க குறைச்ச ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒம்பது ரூபா மாதிரி. வானத்துக்கு ரெண்டும் ஒரே யூனிட்டுதான். 2016ல 100 யூனிட் ஃப்ரீ வந்தப்ப அத குறை சொல்ல நான் ஆளில்ல, ரெண்டு லைட்டு ஒரு ஃபேன்ல வாழற வீட்டுக்கு அது பெரிய விஷயம். ஆனா ஒரு பக்க விளைவு, 100க்குள்ள இருக்கறவங்களுக்கு பழைய 75 வாட் ஃபேன மாத்தறதுக்கு ஒரு காரணமும் இல்லாம போச்சு.

ஃபேன்னு வந்துட்டதால சொல்றேன், தமிழ்நாட்ல ஒரு சாதாரண வீட்டுக்கு மாத்த வேண்டிய மொத சாமான் அதுதான், ஏசி கூட அப்பறம்தான். பழைய சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல 75 வாட்டு, பிஎல்டிசின்னு கம்மி கரண்ட் இழுக்கற மோட்டர் வச்ச புது வகை ஃபேன் 28லருந்து 35. அதே காத்துதான் வருது. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுதுன்னு வச்சுக்கங்க, நம்ம ஊர்ல கூடத்து ஃபேனு அதுக்கும் மேலதான் ஓடும். 45 வாட்டு மிச்சம், நாளைக்கு 0.63 யூனிட்டு, வருஷத்துக்கு 230 யூனிட்டு, 165 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரே ஒரு ஃபேனுக்கு. நாலு ஃபேன் இருக்கற வீட்ல எல்லாமே 14 மணி நேரம் ஓடாது, ஆனா ரெண்டு ஓடும். மெதுவா ஓட்டறப்ப இன்னும் லாபம், சாதாரண ஃபேன்ல ரெண்டாம் நம்பர்ல வச்சாலும் பாதி வாட்டு போகும், பிஎல்டிசில பத்து வாட்டுக்குள்ள அடங்கிரும். 2023லருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம் ஆயிருச்சு. ஒரே தலைவலி ரிமோட்டு. எங்க வீட்ல ரிமோட்டு தொலைஞ்சு மூணு நாள் ஃபேன் அஞ்சுலயே சுத்திச்சு. இன்னொண்ணு, பழைய ரெகுலேட்டரோட சேத்து மாட்டக்கூடாது, எலக்ட்ரீசியன்கிட்ட ரெகுலேட்டர கழட்டிட்டு நேரா சுவிட்ச்ல குடுக்க சொல்லுங்க, இல்லன்னா உள்ள இருக்கற போர்டு போயிரும்.

எல்இடி பல்பு கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், ஆனா அதுல ஒரு விஷயத்த நான் வேற மாதிரி பாக்கறேன். 2015 ஜனவரில, மக்களுக்கு மலிவு விலைல எல்இடி பல்பு குடுக்கற உஜாலா திட்டத்த மத்திய அரசு ஆரம்பிச்சாங்க. அரசு மொத்தமா டெண்டர் விட்டு வாங்கறப்ப 2014ல ஒரு பல்பு 310 ரூபா, 2016ல அதே 38 ரூபா. மொத்தம் 36 கோடி பல்புக்கு மேல குடுத்திருக்காங்க. வருஷத்துக்கு சுமார் 4 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம்னு அரசு சொல்லுது. அந்த நாலு கோடிய நான் அப்படியே எடுத்துக்க மாட்டேன், ஏன்னா ஒவ்வொரு பல்பும் ஒரு குண்டு பல்ப எடுத்துட்டுதான் மாட்டப்பட்டுச்சு, இன்னிக்கு வரைக்கும் எரிஞ்சிட்டு இருக்குங்கற அனுமானத்துல நிக்கற மதிப்பீடு அது, பல வீட்ல ஏற்கனவே சிஎஃப்எல் இருந்துச்சு, பல பல்பு ஃபியூஸே போயிருச்சு. ஆனா அந்த 310, 38 இருக்கே, அது நெஜம். மொத்தமா வாங்கி விலைய உடைச்சதால கடைல விக்கற பல்பும் விலை எறங்கிருச்சு, திட்டத்துல வாங்காதவங்களும் எல்இடிக்கு மாறிட்டாங்க. பெட்டிக்கடைல கூட இப்ப குண்டு பல்பு கேட்டா சிரிப்பாங்க. தனித்தனி ஆளோட நல்ல மனச நம்பாம விலைய எறக்கினதுதான் அங்க வேலை செஞ்சுது, ஃபேனுக்கும் அதே மாதிரி ஒண்ணு நடந்தா எங்கயோ போயிரும்.

ஏசிக்கு வர்றேன். 1.5 டன் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் லேபிள்ல போட்டிருக்கற, வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடுதுங்கற கணக்குல சுமார் 200 யூனிட் வித்தியாசம் வரும், வருஷத்துக்கு 140, 150 கிலோ. ஸ்டார எண்ணாதீங்க, லேபிள்ல வருஷ யூனிட்டுன்னு ஒரு நம்பர் இருக்கும், எந்த வருஷத்துலருந்து எந்த வருஷம் வரைக்கும் செல்லும்னு இருக்கும், அத பாருங்க, ஏன்னா அளவுகோல அப்பப்ப இறுக்கிட்டே வர்றாங்க, நேத்து 5 ஸ்டாரு இன்னிக்கு 3 ஸ்டாரு ஆயிரும். பழைய ஸ்டாக்க தள்ளி விடறவங்க இத சொல்ல மாட்டாங்க. டெம்பரேச்சர ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு எரிசக்தி திறன் பணியகம் சொல்லுது, அதனாலதான் 2020லருந்து விக்கற ஏசிய ஆன் பண்ணா 24லயே ஆரம்பிக்கணும்னு விதி. நம்மாளுங்க ஆன் பண்ண உடனே மொத வேலையா அத 18க்கு எறக்கிட்டு கம்பளி போத்திக்கறாங்க. 26ல வச்சு ஃபேன ரெண்டாம் நம்பர்ல விட்டு பாருங்க, நல்லாத்தான் இருக்கும். மேல் மாடி வீடா இருந்தா ஏசிக்கு முன்னாடி மொட்டமாடிக்கு வெள்ளை அடிங்க, சுண்ணாம்போ கூலிங் பெயிண்டோ, ராத்திரி முழுக்க காங்கிரீட்டு கக்கற சூடு குறைஞ்சாலே கம்ப்ரசருக்கு பாதி நிம்மதி.

ஆனா ஏசில ஒரு விஷயம் யாரும் பேசறதில்ல. உள்ள இருக்கற கேஸு. இப்ப வர்ற ஏசில பெரும்பாலும் ஆர்32, ஒரு கிலோ வெளிய போனா 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு போன மாதிரி. கொஞ்சம் பழைய ஏசில ஆர்410ஏ, அது ஒரு கிலோவுக்கு 2000 கிலோவுக்கு மேல. 3 ஸ்டாருக்கு பதில் 5 ஸ்டார் வாங்கி நாலு வருஷமா நீங்க சேத்து வச்ச புண்ணியம், ஒரு மெக்கானிக்கு ஏசிய இடம் மாத்தறப்ப வால்வ தொறந்து "புஸ்ஸு"னு விட்டா பத்து நிமிஷத்துல காலி. வீடு மாறறப்ப ஏசிய கழட்ட வர்றவர்கிட்ட "கேஸ அவுட்டோர்ல லாக் பண்ணிட்டு கழட்டுங்க"ன்னு நின்னு சொல்லுங்க, தெரிஞ்சவரா இருந்தா செய்வாரு. வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்னு யாராவது சொன்னா அடிக்காதீங்க, கேஸ் தீந்து போற பொருள் இல்ல, குறையுதுன்னா எங்கயோ லீக்கு, லீக்க அடைக்காம அடிக்கறது ஓட்ட குடத்துல தண்ணி ஊத்தற மாதிரி.

கீசரு சீக்கிரம் சொல்லிடறேன். 15 லிட்டர் தண்ணிய 27லருந்து 60 டிகிரிக்கு ஏத்த 0.6 யூனிட்டு போதும், ஆன் பண்ணிட்டு மறந்துட்டா தேவையில்லாம திரும்பத் திரும்ப சூடு பண்ணிட்டே இருக்கும். செட்டாப் பாக்ஸு, ரிமோட்ல ஆஃப் பண்ணாலும் 10 வாட்டு மாதிரி இழுத்துட்டே இருக்கும், மாசம் 7 யூனிட்டு. வீட்டு இன்வெர்ட்டர் யூபிஎஸ் பேட்டரி அஞ்சாறு வருஷம் ஆயிருந்தா அதுவும் சார்ஜ் ஆறேன் சார்ஜ் ஆறேன்னு 30, 40 வாட்ட இழுக்கும். அந்த மீட்டர் மினுக்கு சோதனைல இதெல்லாம் மாட்டும்.

வாடிக்கையாளர்னா வீடு மட்டும் இல்ல. ஒரு ஸ்பின்னிங் மில்லுல ராத்திரி ஷிஃப்ட்ல, மிஷின் நின்ன அஞ்சு நிமிஷ இடைவெளில, கம்ப்ரஸ்டு ஏர் பைப்ல "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம். சோப்பு தண்ணிய தெளிச்சா ஒரு இடத்துல குமிழு கொப்பளிச்சுது, 3 மில்லிமீட்டர் ஓட்டை, நெல்லு மணி கூட இல்ல. 7 பார் அழுத்தத்துல அந்த ஒரு ஓட்டைக்கு காத்தடைக்க கம்ப்ரசர் சுமார் 3 கிலோவாட் எடுக்கும், மில்லு ராப்பகல் ஓடறதால வருஷத்துக்கு 25,000 யூனிட்டு, 18 டன் கார்பன் டை ஆக்சைடு. நூறு வீட்ல நூறு ஃபேன மாத்தினா வர்ற மிச்சம். அத அடைக்க ஆன செலவு ஒரு கிளாம்ப்பு, ஒரு ரப்பரு. நான் மேனேஜர்கிட்ட சொன்னேன், அவரு "அது ரொம்ப நாளா இருக்குங்க"ன்னாரு, ஏதோ வீட்டு பூனைய பத்தி சொல்ற மாதிரி.

விவசாய பம்ப்செட்டு இன்னொரு பெரிய கடல். 20 லட்சத்துக்கு மேல இணைப்பு, 1990லருந்து இலவசம். இலவசத்த எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், அது அரசியல், கிணத்துல தண்ணி 800 அடிக்கு போன விவசாயிகிட்ட போய் யாரும் சொல்லவும் முடியாது. ஆனா மீட்டரே இல்லாத எடத்துல மோட்டர் எவ்வளவு தின்னுதுன்னு யாருக்கும் தெரியாது. மூணு தடவ காயில் கட்டின மோட்டரு, வோல்டேஜ் குறைச்சலா வரும்னு தேவைக்கு மேல பெரிய மோட்டரு, தண்ணி போக இடுக்கமான ஃபுட்வால்வு, ஒடுக்கமான பைப்பு. ஒவ்வொரு தடவ காயில் கட்டறப்பவும் மோட்டரோட திறன் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். இங்க விவசாயி காச குறைக்க முடியாது, ஏன்னா காசே இல்ல. ஈபிக்குதான் லாபம், ஏன்னா ஃப்ரீயா குடுக்கற யூனிட்ட உண்டாக்கவோ வாங்கவோ அவங்களுக்கு செலவு இருக்கே. அப்ப பம்ப மாத்தற செலவ அவங்க பக்கம் ஏத்துக்கறதுதான் நியாயமும் கூட. உங்க 65 யூனிட்டுக்கும் இதே கதைதான், நீங்க குறைச்ச 15 யூனிட்டோட காசு உங்க பைக்கு வரல, ஃப்ரீ யூனிட்டுக்கு மானியம் குடுக்கற அரசு பக்கம் போய் சேந்திருக்கு.

வேற நாட்ல இது தலைகீழா இருந்துச்சு. அமெரிக்காவுல கரண்ட் கம்பெனி பெரும்பாலும் தனியார், யூனிட்டு வித்தாதான் லாபம், அவன் எதுக்கு மக்கள குறைச்சு செலவு பண்ண சொல்வான்? கலிஃபோர்னியாவுல 1982 வாக்குல, வித்த யூனிட்டுக்கும் கம்பெனியோட வருமானத்துக்கும் இருந்த முடிச்ச அவுத்து விட்டாங்க, குறைச்சு வித்தாலும் அனுமதிச்ச வருமானம் வந்துரும்னு. கூடவே ஃப்ரிட்ஜு, கட்டடம் எல்லாத்துக்கும் கட்டாய அளவு. ஆர்தர் ரோசன்ஃபெல்டுன்னு ஒரு இயற்பியல்காரரு இதுக்கெல்லாம் பின்னாடி நின்னவரு. 1970கள்ல அங்க ஒரு ஃப்ரிட்ஜு வருஷத்துக்கு 1800 யூனிட்டு மாதிரி எடுத்துச்சு, இப்ப அதவிட பெரிய ஃப்ரிட்ஜு மூணுல ஒரு பங்குக்குள்ள எடுக்குது. அங்க தலைக்கு ஆற கரண்டு 70களோட நடுவுலருந்து ஏறக்குறைய 7000 யூனிட்லயே பல வருஷம் நின்னுச்சு, அமெரிக்காவோட மத்த பக்கம் ஏறிட்டே போச்சு. இத முழுக்க ரோசன்ஃபெல்டு கணக்குல எழுதறது தப்பு, அங்க கடற்கரை ஊர்ல வெயில் கம்மி, கனரக தொழிற்சாலையும் கம்மி. ஆனா ஃப்ரிட்ஜ் கதைக்கு வெயில் காரணம் சொல்ல முடியாது.

ஒருத்தர் கேப்பாரு, திறமையான மிஷின் வந்தா ஜாஸ்தி ஓட்ட மாட்டாங்களான்னு. ஓட்டுவாங்க. ஜெவன்ஸ்னு ஒருத்தரு 1865லயே நிலக்கரிய வச்சு இத சொல்லிட்டாரு. ஃபேன் 30 வாட்டுதானேன்னு ஆளில்லாத ரூம்ல சுத்தும். 5 ஸ்டார் ஏசிதானேன்னு 22ல வைப்பாங்க. அதுல கொஞ்சம் போகும், பூராவும் போகாது. வெயில்ல புழுங்கிட்டு இருந்த ஒரு வீட்ல மிச்சமான கரண்ட்ல இன்னொரு ஃபேன் ஓடுச்சுன்னா அத நான் வீண்னு எழுத மாட்டேன்.

அப்ப மொட்டமாடில சோலார் போட்டா எல்லாம் தீந்துருமேன்னா, போடுங்க, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா வரைக்கும் மத்திய அரசு மானியம் இருக்கு. ஆனா வரிசை முக்கியம். ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊர்ல நாளைக்கு 4 யூனிட் மாதிரி தரும், வருஷத்துக்கு 1400. நல்லா ஓடற நாலு ஃபேன மாத்தினாலே 900 யூனிட்டு மிச்சம், செலவு 12,000 ரூபா சுமாருக்கு. அதே 900 யூனிட்ட பேனல்ல எடுக்க, மானியத்த கழிக்காம பாத்தா, மூணு மடங்கு மாதிரி ஆகும். அதோட பேனல் மத்தியானம் குடுக்கும், ஃபேன் ராத்திரிலயும் குறைக்கும், நிலக்கரி எரியற நேரம் அதுதானே. மொதல்ல குறைச்சுக்கிட்டு அப்பறம் எவ்வளவு பேனல் வேணும்னு பாத்தா ஒரு கிலோவாட் கம்மியா கூட போதும்.

பெரியம்மா கதைல ஒரு பாக்கி இருக்கு. கேஸ்கெட்டு மாத்தினது போக, இந்த பொங்கலுக்கு அண்ணன் புதுசா ஒரு இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் வாங்கி குடுத்துட்டான், லேபிள்ல வருஷத்துக்கு 200 யூனிட் சொச்சம்னு போட்டிருக்கு. சந்தோஷமா ஃபோன் பண்ணாங்க. "பழச என்ன பெரியம்மா பண்ணீங்க?"ன்னேன். "நல்லா ஓடற சாமான எப்படி கண்ணு தூக்கி போடறது, பின்னாடி தாவாரத்துல வச்சிருக்கேன், மாவும் பூவும் அதுல வச்சுக்கறேன்"னாங்க. மாசி மாசம் கெடா வெட்டுக்கு ஊருக்கு போறேன், அந்த பிளக்க புடுங்கறதுக்கு என்ன சொல்லி சம்மதிக்க வைக்கறதுன்னு இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன்.